மெஷினுக்குள் சிக்கிய முத்திரைத்தாள்

பிரிண்டர் சர்வீஸுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பிரிண்டரைக் கழற்றி மாட்டுவது பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் போனில் வீடியோவாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். என்னைவிட நன்றாகவே கழற்றுகிறீர்கள்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. அதிலும் பாதி வருஷம் பள்ளிக்கூடத்தில் இல்லை. லாரியில் கிளீனராகப் போனேன். ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டினேன். செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து அங்கேயே படுத்து எழுந்தேன். ரிப்பேருக்கு வந்தவர் மெஷினைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். அந்த நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்ததுதான் என் படிப்பு. ஒரே ஊரில் அடுத்தடுத்து மழைக்காலம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, கிளம்பிவிடுவேன். உத்திரமேரூர், சாலவாக்கம், அதைச் சுற்றியுள்ள கிராமங்கள் என்று மொபெட்டில் தினமும் சுற்றுகிற இந்த வேலை கிடைத்த பிறகுதான் நின்றேன். நின்றேன் என்றால் வேலையில் நின்றேன். வாடகை அறைகள் மாறிக்கொண்டேதான் இருந்தன.

எங்கள் பக்கத்து அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாதவை. பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டினால், பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் கேபிளை இழுத்திருக்கும். எழுத்து மங்கினால் டோனர் தீர்ந்திருக்கும். தாளை இழுக்கவில்லை என்றால், நெல் கொள்முதல் நடக்கிற மாதங்களில் ரோலர் முழுக்க உமித்தூசி இருக்கும். ஏரி நிரம்புகிற மாதங்களில் தாள் நமுத்துப்போய் இரண்டு மூன்றாகச் சேர்ந்து உள்ளே போகும். பிரிண்ட் வரவில்லை என்று ஒரு ஆள் அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கியிருப்பார். நீங்கள் சரிசெய்ததும் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். இவை எல்லாம் ஒரு வருஷத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும்.

மெஷினைச் சுற்றி நிற்கிற மனிதர்களை எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை. அவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தர் சபாபதியின் கடை இருக்கிறது. அங்கே டைப் அடிப்பவர் ஸ்டெல்லா. இரண்டு பிள்ளைகளின் தாய். எதற்கும் குரலை உயர்த்தாதவர். அன்று வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"அண்ணா, இன்னா வேல இருந்தாலும் அப்படியே போட்டுட்டு வாங்க. முத்திரைத்தாள் மெஷினுக்குள்ள மாட்டிக்கிச்சு."

"இழுத்தீங்களா?"

"நான் இழுக்கல. சாரு இழுக்கலாம்னு கைய வச்சாரு. தட்டி உட்டேன்."

"நல்ல வேல பண்ணீங்க. ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு யாரையும் கிட்ட உடாதீங்க."

வெள்ளைத்தாள் கிழிந்தால் சுருட்டி எறிந்துவிட்டு வேறு தாள் வைக்கலாம். முத்திரைத்தாள் அப்படியல்ல. அரசுக்குப் பணம் கட்டி, வாங்குகிறவர் பெயரைப் பின்னால் எழுதி வாங்கி வருவது. அதன் மேல்தான் கிரயப் பத்திரம் அடிக்கப்படும். கிழிந்தால் அது வெறும் தாள். ஸ்டெல்லாவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பத்திரத்தின் மற்ற பக்கங்களை முதலில் அடித்து, பிழை பார்த்து, எல்லாம் சரி என்ற பிறகே முத்திரைத்தாளை வைப்பார். அன்றும் அப்படித்தான். மற்ற பக்கங்கள் தயாராக மேஜையில் இருந்தன. முதல் பக்கம் மட்டும் மெஷினுக்குள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. முன் சீட்டில் நெற்றியில் நாமம் இட்ட ஒரு முதியவர், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குள் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

சபாபதி என்னைப் பார்த்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாய்யா டாக்டரு. போன மாசந்தான் சர்வீஸ் பண்ணிட்டுப் போன. இன்னாத்த பண்ண? இப்ப பாரு, எத்த முயுங்கி வச்சிக்கினு கீது."

பிறகு என் தோளைப் பிடித்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

வாங்குகிறவர் பெயர் மல்லிகா. சாலவாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கழனி வேலை செய்கிறவர். அவருடைய குடிசை இருக்கிற மனை அவருடையதல்ல. மாமனார் காலத்தில், பண்ணை வைத்திருந்த ஒருவர் 'இங்கே போட்டுக்கோ' என்று காட்டிய இடம். அந்தப் பண்ணைக்காரர், உங்களுக்கே எழுதித் தருகிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர எழுதித் தரவில்லை. அந்த மாதம் அவர் இறந்துபோனார். வெளிநாட்டில் வேலை செய்யும் மூத்த மகன் ராகவன் காரியத்துக்கு வந்தார். உயிலின்படி அந்த இடம் அவர் பங்குக்கு வந்திருந்தது. அப்பா சொன்னதை நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். மல்லிகாவால் முடிந்த ஒரு விலையும் பேசியாகிவிட்டது. அன்று இரவு ராகவனுக்கு விமானம். அவர் போன பிறகு நிலபுலன்களைப் பார்க்கப்போகிறவர் அவருடைய தம்பி. அவர் மனை போட்டு விற்கிறவர்களோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார்.

"மதியத்துக்கு முன்ன டோக்கன். இத்த உட்டா அந்தப் பொம்பளைக்கு வூடு கெடையாது. பாத்து செய்," என்றார் சபாபதி.

மல்லிகா சுவரோரமாக நின்றிருந்தார். கணவர் அறுவடை மெஷினோடு ஆந்திரா பக்கம் போயிருந்ததால் தனியாக வந்திருந்தார். துவைத்து மடித்த சேலை, கையில் ஒரு துணிப்பை. கண் மெஷின் மேலேயே இருந்தது.

டார்ச் அடித்துப் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். டோனர் தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் பதியவைக்கிற உருளைகளுக்கு நடுவே தாள் விசிறி மடிப்பாக நின்றிருந்தது. அந்தப் பகுதியை நாம் ஃபியூசர் என்கிறோம். தாளின் முன் மூலை உருளையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கறை.

அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கான தாள் எதுவானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, கிரயப் பத்திரமானாலும் சரி. கையால் எழுதிய காலத்தில் அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. டைப்ரைட்டருக்கும் இல்லை. காய்ந்த மஞ்சளாக இருந்தால் லேசர் பிரிண்டர்கூடத் தாங்கும். மல்லிகா விடியற்காலை சாமி படத்துக்கு முன்னால் தாளை வைத்து, மஞ்சளைக் குழைத்துக் கெட்டியாக வைத்திருக்கிறார். மழை நாள். மேலே காய்ந்தது போல இருந்திருக்கிறது, உள்ளே ஈரம். சூடான உருளையில் அது பசையாகிவிட்டது.

இதை உரக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் காரிலிருந்து குரல் வந்தது.

"ராகவா, இங்க வா."

கடைக்குள் நின்றிருந்த ராகவன் போனார். கடைக்கும் காருக்கும் இடையில் இரண்டு எட்டுதான். எல்லாருக்கும் கேட்டது.

"பேப்பர் உள்ள போய் மாட்டிண்டு வரமாட்டேங்கறது. அப்பா காரியம் முடிஞ்ச கையோட இதை ஆரம்பிச்சதே எனக்குச் சரியாப் படலை. இது வேண்டாங்கறதுக்கு அடையாளம்டா."

"மெஷின் ரிப்பேர், பெரியப்பா."

"கார்த்தாலேர்ந்து மத்தவாளுக்கெல்லாம் அதே மெஷின்தானே அடிச்சுது? இதுக்கு மட்டும் ஏன் நின்னுது, சொல்லு."

ராகவன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் சொல்லலாமா என்று யோசித்தேன். மஞ்சள்தான் காரணம் என்று நான் சொன்னால் அது அந்தப் பெரியவருக்கு மெஷின் சமாசாரமாகப் படாது. மங்கலத்துக்கு வைத்த மஞ்சளே தடுத்துவிட்டது என்பார். அதற்குப் பிறகு யாராலும் வாதாட முடியாது. இன்னொரு பக்கம், இத்தனை பேர் நடுவில், உன் வீட்டுப் பத்திரம் கெட்டதற்கு நீயேதான் காரணம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதாகவும் ஆகும். அதனால் தாள் ஒரு மில்லிமீட்டர்கூட நகரப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோளாறுக்குக் காரணம் தெரிந்த உடனே அதை அறிவித்துவிட வேண்டும் என்று நமக்கு ஒரு துடிப்பு வரும். நம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் துடிப்பு அது. காரணத்தைச் சொல்ல நேரம் எப்போதும் இருக்கும். முதலில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்த சிக்கல் சூடு. ஃபியூசர் சூடாக இருக்கும்போது இழுத்தால் தாள் கிழியும். ஆறும்வரை தொடக் கூடாது. அதாவது, எல்லாரும் அவசரப்படுகிற நேரத்தில் நான் செய்ய வேண்டிய வேலை சும்மா இருப்பது. ரிப்பேர்க்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் கூட்டத்தில் ஒருவன் நிச்சயமாக முன்னால் வந்து இழுப்பான். அதனால் தாள் வைக்கும் தட்டைக் கழற்றினேன். அதன் ரோலரைத் துடைத்தேன். சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். என் கை ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர்கள் கை அடங்கியிருந்தது.

"இன்னா வாத்தியாரே, டீயா இருந்தா இந்நேரம் ஆத்திக் குடிச்சிருக்கலாமே," என்று ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

சபாபதி சிரிக்கவில்லை. "அவனே பேஜார்ல கீறான். நீ வேற."

ராகவன் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"சூடு ஆறணும் சார். ஆறினா கிழியாம எடுக்கலாம்."

"வந்துடுமா?"

"வரும்னுதான் நெனைக்கறேன்."

'கண்டிப்பாக வரும்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு கைக்கு ஒரு அவசரம் வந்துவிடும். அந்த அவசரம்தான் தாளைக் கிழிக்கும்.

அப்போதுதான் மல்லிகா முதல்முறையாகப் பேசினார்.

"அண்ணே, அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பட்டா?"

யாருக்கும் தோன்றாத விஷயம் அது. திருப்பச் சொன்னேன். டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து மெஷினின் பின்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, ஒயரைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, மறுபடி சுவரோரமாகப் போய் நின்றார். மேஜைமேல் இருந்த மற்ற தாள்கள் பறக்கப் போயின. ஸ்டெல்லா அவற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

புறங்கையை ஃபியூசர் அருகே வைத்துப் பார்த்தேன். பொறுக்கக்கூடிய சூடு. அழுத்தும் நெம்புகோல்களை விடுவித்து, பக்கத்துப் பல்சக்கரத்தை விரலால் பின்னோக்கித் திருப்பினேன். தாள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒட்டிய மூலைக்கு வந்ததும் நின்றது. பர்ஸிலிருந்த பழைய ஏடிஎம் அட்டையைத் தாளுக்கும் உருளைக்கும் நடுவில் நுழைத்து, தோசையை எடுப்பது போல மெல்ல விலக்கினேன். மூலை விட்டுக்கொடுத்தது. தாள் முழுதாக வெளியே வந்தது.

சபாபதி கையை நீட்டினார். நான் தரவில்லை. வேலை பாதிதான் முடிந்திருந்தது.

தாளின் மேல் பாதியில் முத்திரை. அதற்குக் கீழே நாள், மாதம், ஊர் வரை நன்றாகப் பதிந்திருந்தது. அதற்குக் கீழே சூடு படவில்லை. எழுத்துகள் எழுத்துகளாகத்தான் தெரிந்தன, ஆனால் அவை வெறும் தூள். வாங்குகிறவர் பெயர், விற்கிறவர் பெயர் எல்லாம் அந்தத் தூளில்தான் இருந்தன. விரல் பட்டால் தாள் முழுக்கக் கரி. மல்லிகா தாளைப் பார்த்த சந்தோஷத்தில் முந்தானை நுனியால் துடைக்கக் கிட்டே வந்துவிட்டார்.

"தொடாதம்மா. தொடச்சா மொத்தமும் பாழாப் பூடும்."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தூளை உதறித்தான் ஆக வேண்டும். கடைக்குள் உதறினால் மற்ற தாள்கள் மேல் விழும். அந்தக் கடைக்குப் பின்வாசல் கிடையாது. முன்வாசலில் கார். வேறு வழியில்லாமல் வாசல்படியில் நின்று, தாளைக் கவிழ்த்துப் பிடித்து, பின்னால் விரலால் சுண்டினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கலைந்து கருப்புப் பொடியாக மழைத் தண்ணீரில் விழுந்தன. காரிலிருந்து பெரியவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"எழுத்தே உதிர்ந்து போறதுடா ராகவா. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவர் ஒன்றும் கெட்டவரல்ல. பார்த்ததைச் சொன்னார். நானே அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்கும். கார்க் கண்ணாடி மேலே ஏறியது.

ராகவன் படியில் என் பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் இது மட்டும் மாட்டிண்டது?"

"ஈரம் சார். தாள்ல ஈரம் இருந்தா சூடான ரோலர்ல ஒட்டிக்கும். மழைக் காலத்துல எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

ஈரம் என்பது உண்மை. எதனுடைய ஈரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொய் சொல்லிப் பிழைக்கிற தொழில் அல்ல இது. ஆனால் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்வதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்தாலும் சரி.

ராகவன் தலையாட்டினார். பிறகு உள்ளே போனார்.

உள்ளே சபாபதி அவசரத்தில் இருந்தார். "எயுத்து போயிடுச்சில்ல? திரும்ப உள்ள வச்சி அடி. ஸ்டெல்லா, பேர்லேந்து பிரிண்ட் குடு."

"வேணாம் சார்," என்றேன். "மேல் பாதி கசங்கிப்போயிருக்கு. திரும்ப உள்ள போனா திரும்ப மாட்டும். இந்த வாட்டி முழுசா வராது."

"அப்ப இன்னாத்த பண்றது? இன்னும் கொஞ்ச நேரத்துல நம்பரக் கூப்பிட்ருவாங்கய்யா. புதுத் தாளுக்கு நான் எங்க போறது?"

பிரிண்டரால் இனி ஆகப்போவது எதுவும் இல்லை. ஸ்டெல்லாதான் சொன்னார்.

"நீங்க எழுதுங்க சார்."

"நானா?"

"நீங்கதான பத்திர எழுத்தரு. போர்டுல அப்படித்தான் போட்டுகீது."

சபாபதி வாசல் போர்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "கையால எயுதி எவ்ளோ காலமாச்சு தெரியுமா? கையெழுத்த தவர வேற எதும் எயுதறதில்ல நானு."

ராகவன் குறுக்கிட்டார். "எங்க ஆத்துல இருக்கற பழைய பத்திரமெல்லாம் கையால எழுதினதுதானே. அதெல்லாம் செல்லாமலா போச்சு? எழுதுங்கோ."

தாளை மேஜையில் விரித்து, மேல் மடிப்பின் மீது கனமான ஒரு ஃபைலை வைத்தேன். சபாபதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வேறு ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். எழுத ஆரம்பித்ததும் முதல் வரி கோணியது. இரண்டாவது வரியில் கை பழகிவிட்டது. ஸ்டெல்லா திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நாள் தேதி எல்லாம் அச்சில், அதன் கீழே நீல மையில் மல்லிகாவின் பெயர், அவருடைய கணவர் பெயர், கிராமம், பிறகு ராகவன் பெயர். பெயரை எழுதி முடித்ததும் சபாபதி நிமிர்ந்து, "சரியா கீதா பாரும்மா," என்றார். மல்லிகா ஒவ்வொரு எழுத்தாக உதடசைத்துப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

அதற்குள் பதிவு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அப்போதுதான் சாட்சி நினைவு வந்தது. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பக்கத்துக் கடைக்காரர். இன்னொரு சாட்சியாக இருக்க வந்திருந்தவர் காரில் இருந்த பெரியப்பா. ராகவன் காருக்குப் போனார். கண்ணாடி இறங்கியது.

"நான் இறங்கலை. நீ பண்றதுன்னா பண்ணிக்கோ."

"அப்பா சொன்ன வார்த்தை பெரியப்பா. அடையாளம் பார்த்துண்டு அவர் அதைச் சொல்லலையே."

அவர் கண்ணாடியை ஏற்றவில்லை, இறங்கவும் இல்லை. ராகவன் திரும்பி வந்தார்.

சபாபதி சுற்றிலும் பார்த்தார். டீ கிண்டல் செய்தவர் அதற்குள் காணாமல் போயிருந்தார். சாட்சி என்றால் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

"யோவ் டாக்டரு, ஆதார் வச்சிக்கினு கீறியா?"

இருந்தது. கையிலிருந்த கரியைக் கழுவிக்கொண்டு அவர்களோடு தெருவைக் கடந்தேன்.

பதிவு அதிகாரி ஒரு அம்மா. முதல் பக்கத்தை எடுத்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன சபாபதி இது, பாதி பிரிண்ட், பாதி கை?"

"மிஷின் மக்கர் பண்ணிடுச்சு மேடம். கையால எயுதக் கூடாதுன்னு இல்லியே."

"இல்லை. ஆனா எந்த வரியிலேர்ந்து கையால எழுதியிருக்குன்னு கீழ குறிப்பு போட்டு, ரெண்டு பேரும் பக்கத்துல ஒப்பம் வைக்கணும்."

சபாபதி குறிப்பு எழுதினார். அதிகாரி ராகவனிடம், கையால் எழுதிய பகுதியை நீங்களே உரக்கப் படியுங்கள் என்றார். ராகவன் படித்தார். முழு சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். ராகவன், "ஆமாம்," என்றார். ஒப்பம் வைத்தார். மல்லிகா நிதானமாகத் தன் பெயரை எழுதினார். கேமராவைப் பார்க்கச் சொன்னபோது இருவரும் பார்த்தார்கள்.

என் முறை வந்தது. "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"மெஷின் ரிப்பேர் பண்ண வந்தேன் மேடம்."

அதிகாரி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "இங்க போடுங்க," என்று இடத்தைக் காட்டினார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் சர்வீஸ் சரியில்லை என்று சபாபதி கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எனக்கு அழைப்புகள் குறைந்தன. அதற்கென்று நான் எதுவும் செய்யவில்லை. வேறு ஊர்கள் இருந்தன. மறுநாள் ஸ்டெல்லாவைத் தனியாகப் பார்த்து மஞ்சள் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதன் பிறகு அந்தக் கடையில் மஞ்சளைப் பிரிண்ட் எடுத்த பிறகு தடவச் சொல்கிறார்கள். மறந்து வருகிறவர்களுக்காக ஸ்டெல்லாவே ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள்தூள் வைத்திருக்கிறார். யாருக்கும் அதில் மனக்குறை இல்லை.

அன்றைக்குப் பதிவு முடிந்ததும் ராகவன் மல்லிகாவிடம், "வரேம்மா," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பத்திரத்தை ஸ்கேன் செய்து மாலையில்தான் கையில் கொடுப்பார்கள். மல்லிகா அலுவலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார். என் மொபெட் அங்கே ஒதுங்கி நின்றதால் நானும் நின்றேன்.

"அவங்க கார் போயிடுச்சா அண்ணே?"

"போயிடுச்சும்மா."

அவர் தெருமுனையை ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

"மஞ்சாதான அண்ணே?"

நான் மொபெட் சீட்டில் இருந்த தண்ணீரைத் துடைத்தேன்.

"நீங்க டார்ச் அடிச்சப்பவே நானும் பின்னால நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். நான் வச்ச மஞ்சா எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லிடுவீங்களோன்னு ஈரக்கொல நடுங்கிச்சு. சொல்லியிருந்தா அந்தப் பெரியவரு அவர இட்டுக்கினு போயே இருப்பாரு."

"அதான் சொல்லல."

"நானுந்தான் சொல்லல," என்றார்.

பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். காலை நாஷ்டாவுக்குக் கொண்டுவந்த இட்லி, தொடாமல் இருந்தது. எனக்கும் நீட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"வூட்டுக் கூர ஒயுவுது அண்ணே. எங்க மாமனாரு போட்ட கூர. ஓலையத்தான் மாத்திக்கினு இருந்தோம். அடுத்தவங்க மண்ணுல எதுக்குக் கல்லக் கட்றதுன்னு எங்க வூட்டுக்காரரு தொடவே இல்ல."

இட்லியைச் சாப்பிட்டு முடித்து, தாழ்வாரத்திலிருந்து வடிந்த தண்ணீரில் கையைக் கழுவினார்.

"நீங்க ஊரு ஊரா சுத்தறவரு. ஏமாத்தாத மேஸ்திரி யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அஸ்திவாரம் எடுக்கறவரா."

சாலவாக்கம் போகிற வழியில் எனக்கு ஒருவரைத் தெரியும். அவருடைய எண்ணைச் சொன்னேன். மல்லிகா தன் போனில் அதைப் பதிந்துகொண்டு, அங்கேயே அவரைக் கூப்பிட்டார்.